வராந்தாவுக்கே கேட்ட கேள்வி

டாக்டர்களுக்கு வெட்கமே கிடையாது என்று நம்புகிறவர்கள், அறுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். புதுக்கோட்டையில் மனநோயாளிகளைக் கவனிக்கும் வேலை. வயது குறைவு, கல்யாணமும் ஆகவில்லை. (மீசை வைத்திருந்தேன், யாரும் பயப்படவில்லை.)

அரிமளம் பக்கத்து விவசாயி கருப்பையா என் மாத்திரையில் தெளிந்து, உழவுக்கே திரும்பியவர். திடீரென்று மறுபடியும் தூக்கமில்லை, தனக்குத்தானே பேச்சு. மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று புரிந்தது. அந்த மாத்திரை சிலருக்கு ஆண்மையைப் பாதிக்கும். அதுதான் காரணமா என்று கேட்டு அளவைக் குறைக்காவிட்டால், மனிதர் பழைய நிலைக்கே போய்விடுவார்.

ஆனால் எங்கள் பக்கம் நோயாளி தனியாக வருவதில்லை. மனைவி மீனாட்சி, மாமியார், மச்சான், சோற்றுத் தூக்கு எல்லாம் அறைக்குள் நின்றன. (மாமியார் முன்னால் இதைக் கேட்பதா? நானா?) எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அங்கே உறவுக்காரர்களை வெளியேற்றிக் கதவைச் சாத்தினால், ஆளை மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப் போகிறார்கள் என்று அர்த்தமாம். இது எனக்குத் தெரியாது.

"மழை எப்படிங்க?" என்று ஆரம்பித்தேன்.

"பரவாயில்லீங்க."

"கடலை போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேங்க."

கண்மாய், மாடு என்று சுற்றிவந்து விஷயத்தை நெருங்குவதற்குள் வெளியே ஒப்பாரி கிளம்பிவிட்டது.

"ஆத்தாடி, எம்புருசன மதராசுக்கு அனுப்பப் போறாங்களே!"

கருப்பையா வெளிறிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இனி இவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார் என்று எனக்குப் பதறியது. கதவைத் திறந்து கத்தினேன்.

"யாரையும் எங்கேயும் அனுப்பலம்மா! இந்த மாத்திரையால புருசன் பொண்டாட்டி சேர்றதுல சிரமம் வரலாம். அதைக் கேக்கத்தான் கதவைச் சாத்துனேன்!"

வராந்தா மொத்தமும் அடங்கிவிட்டது. கம்பவுண்டர் கூரையைப் பார்த்தார். நான் செத்துப்போனேன்.

மீனாட்சி மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே வந்து கதவை அவரே சாத்தினார்.

"அதனாலதாங்க நிப்பாட்டுனேன்" என்றார் கருப்பையா தரையைப் பார்த்தபடி.

"நாங்களே சொல்லலாம்னுதான் இருந்தோம்" என்றார் மீனாட்சி. "சின்னப்பிள்ளையா இருக்கீங்க, கல்யாணமும் ஆகலங்கிறாங்க. எதுக்கு ஒங்களப் பயமுறுத்தணும்னு விட்டுட்டோம்."

எனக்கு மூச்சு வந்தது. அளவைக் குறைத்தேன். அடுத்த முறை கருப்பையா நன்றாகத் தூங்கியெழுந்த முகத்தோடு வந்தார். மற்றதும் சரியாகிவிட்டதென்று அவராகவே சொன்னார். அதைவிட ஆச்சரியம், அன்று வராந்தாவில் காத்திருந்த நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து, "என்னையும் அதைக் கேளுங்க" என்று உட்கார்ந்ததுதான். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் குறைந்தார்கள். 'அதைக் கேட்கிற டாக்டர்' என்று என் பெயர்தான் திருமயம் வரைக்கும் பரவிவிட்டது.

அங்கேதான் பெண் பார்க்கப் போனேன். பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு பெரியவர் வழக்கம்போல, "மாப்பிள்ளை பொண்ணுகிட்ட எதுவும் கேக்கணும்னா கேக்கலாம்" என்றார்.

பெண்ணின் அப்பா பதறி எழுந்தார். "வேணாங்க, வேணாம்! அவரு ஒண்ணும் கேக்க வேணாம்! எங்களுக்குச் சம்மதம்!"

எங்கள் குடும்பத்தில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுப்பதில்லை.