நவக்கிரக டைரி அழைக்கிறது

பாளையங்கோட்டையில் அந்த மாதம் யாரைப் பார்த்தாலும் ஒரே விசாரிப்புதான்.

"உமக்கு எந்தக் கிரகம் வே?"

சனி என்று சொன்னவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். குரு என்று சொன்னவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். கேது என்று சொன்ன ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பார்த்து வைத்திருந்த பெண்ணையே தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் குமரகுருபரன் செய்த வேலை. 'மின்னணு ஜோதிடச் சக்கரவர்த்தி' என்று தனக்குத் தானே பேனர் அடித்துக்கொண்டு, பஸ் நிலையத்தை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் வந்து இறங்கியவர். அவர் விற்றது நவக்கிரக டைரி. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, சின்னத் திரை, எறும்பு எறும்பாகப் பொத்தான்கள், திரையில் குத்த ஒரு குச்சி. பெயர், போன் நம்பர், முக்கியமான நாள் எல்லாவற்றையும் பதிந்து வைக்கலாம். இதைத்தான் சட்டைப்பையில் கிடக்கும் செல்போனே செய்யுமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம்.

"செல்போனுக்கு டவர் உண்டு. டவர் வழியாக ஊர்க்கண் உள்ளே வரும். என் டைரிக்கு டவர் கிடையாது" என்றார்.

டவர் இல்லாததால் அதில் பேசவும் முடியாது. இல்லாத வசதியையே விசேஷமாக்கி விற்கிற மனிதரிடம் என்ன வாதாடுவது? வரிசையில் நின்றோம்.

நின்றோம் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். என் பெயர் மகாராஜா. ராஜ்ஜியம், மண்டபத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. நானும் ஒன்று வாங்கினேன். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

டைரியை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, டைரிதான் நம்மைத் தேர்ந்தெடுக்கும். அதுதான் அங்கே சட்டம். சிவப்புப் பட்டில் ஒன்பது டைரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிரகத்தின் ஸ்டிக்கர், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. குமரகுருபரன் நம் மணிக்கட்டைப் பிடித்து, "பைய... பைய..." என்று டைரிகளுக்கு மேலே கொண்டுபோவார். ஒன்றின் மேல் கை நிற்கும். அவர் மந்திரம் சொல்லியபடி நம் தலைக்கு மேலே எங்கேயோ பார்ப்பார். திடீரென்று அந்த டைரி 'பீப் பீப்' என்று கத்தும். அவ்வளவுதான், உடம்பெல்லாம் புல்லரித்துவிடும். என்னைச் செவ்வாய் அழைத்தது. மணி பதினொன்று ஏழு. ரசீதில்கூட அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்.

"அழைத்த நேரத்தில் தினமும் அது உம்மை நினைக்கும். எழுந்து நின்று கும்பிட வேண்டும்" என்றார்.

நினைத்தது. தினமும் பதினொன்று ஏழுக்கு என் செவ்வாய் கத்தும். ஜெராக்ஸ் எடுக்கும் காகிதம் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்க, நான் எழுந்து நின்று கும்பிடுவேன். ஊரே அப்படித்தான் இருந்தது. கண்டக்டர் மாடக்கண்ணுவுக்குச் சுக்கிரன் பத்து ஐம்பத்தொன்றுக்கு அழைக்கும். விசில் அடித்துப் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கும்பிடுவார். பின்னால் வருகிறவர்கள் அவரைப் பெற்றவர்களை எல்லாம் விசாரிப்பார்கள். அவர் கண்ணைத் திறக்கமாட்டார்.

டைரியோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியம் இல்லை. வெயிலில் திரை தெரியாது. அது சூரிய தோஷம். குச்சி தொலைந்துபோகும். விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினால் 'க' அழுத்திய இடத்தில் 'ழ' வரும். அது ராகு. பாட்டரி தீர்ந்தால் பதிந்த பெயர் அத்தனையும் அழிந்துபோகும். அதற்கு, "பழைய பந்தங்கள் அறுந்தன, பாக்கியசாலி!" என்று தட்சணை வேறு வாங்கிக்கொள்வார்.

என் பக்கத்துக் கடைக்காரர் கைலாசம் அண்ணாச்சி, உடன்குடிக் கருப்பட்டி மொத்த வியாபாரி. அவரை அழைத்தது சனி. முக்கியமான நாட்களைப் பதிந்து தருகிறேன் என்று குமரகுருபரன் கேட்க, மகளுக்கு வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்குக் கவுன்சிலிங் என்று இவரே வாயால் சொன்னார். மறுநாள் அந்தத் தேதியைத் திறந்து பார்த்தால், 'போகாதே' என்று மின்னுகிறது.

அண்ணாச்சி ஆடிப்போய்விட்டார். மகள் பிரேமலதாவின் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாலு வருஷம் ராத்திரிப் பகலாகப் படித்து, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பட்டியலில் பெயர் வந்த பெண். அன்றைக்குப் போகாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பரிகாரம் ஒன்றுதான். சனி டைரியைத் திருப்பிக் கொடுத்து, குரு டைரி வாங்க வேண்டும். அதன் விலைக்கு அவர் மனைவி பார்வதியம்மாளின் இரட்டை வடச் சங்கிலிதான் சரியாக வரும்.

செவ்வாய்க்கிழமை பிரேமலதா என் கடைக்கு வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. அப்போது மணி பதினொன்று ஏழு. என் டைரி கத்தியது, நான் எழுந்து கும்பிட்டேன்.

"மகாராஜா அண்ணாச்சி, அதை இங்கன தாங்க" என்றாள். நாலு பொத்தானை அழுத்தினாள். திரையை உற்றுப் பார்த்தாள். "நீங்க வாங்குனது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு ஏழுக்குத்தான் தாயி. ரசீதே இருக்கு."

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலை மண்டபத்தில் நல்ல கூட்டம். கைலாசம் அண்ணாச்சி முன்னால் நின்றார். பார்வதியம்மாள் சங்கிலியின் கொக்கியில் கை வைத்தபடி நின்றார். குமரகுருபரன் அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடிக்க வந்தபோது பிரேமலதா நடுவில் புகுந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம். யாரும் கை நீட்டாட்டா டைரி யாரைக் கூப்பிடும்?"

"கை இன்றி அழைப்பு இல்லை குழந்தாய்."

"அப்ப ஒரு அரைமணி நேரம் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்போம். கூப்பிடாம இருந்தா நான் கவுன்சிலிங்குக்குப் போகலை. அம்மா சங்கிலியையும் நானே கழட்டித் தாரேன்."

"கிரகங்களைச் சோதிப்பதா? கோபம் வரும்!"

பார்வதியம்மாள் வாயைத் திறந்தார். "சங்கிலி அரைமணி நேரம் என் கழுத்துல கூடக் கிடந்தா எந்தக் கிரகத்துக்கு என்ன நட்டம்? நில்லுங்க எல்லாரும்!"

அண்ணாச்சியின் பையில் மாதிரிக்காகக் கொண்டுவந்த கருப்பட்டி இருந்தது. பிரேமலதா அதை எடுத்துப் பட்டின் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். குமரகுருபரன் எங்கள் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் வானத்தைப் பார்ப்பதாக நான் நினைத்திருந்தேன்.

பத்து நாற்பத்தெட்டு. குரு கத்தியது.

மண்டபமே கருப்பட்டியைப் பார்த்தது. மூன்று நிமிஷம் கழித்துச் சுக்கிரன். அடுத்த நாலு நிமிஷத்தில் புதன். இப்படியே ஒன்பது கிரகங்களும், சனியும் ராகுவும்கூட, ஒன்று விடாமல் கருப்பட்டியை அழைத்து முடித்தன.

இந்த இடத்தில் கூட்டம் பொங்கி எழுந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரைத் தெரியாமல் பேசுகிறீர்கள். முன்வரிசையில் ஒருவர் கருப்பட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் அண்ணாச்சியின் காதில், "ஒம்போதும் உச்சத்துல இருக்கு வே. இந்தச் சரக்கு இன்னும் எத்தனை மூடை கிடக்கு?" என்று கேட்டார். அண்ணாச்சி ஒரு நொடி வியாபாரியாக யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எப்பா!" என்று கத்தினாள் பிரேமலதா. "அது அலாரம்! காலையில எழும்ப வைப்போம்லா, அதே அலாரம். பாருங்க, மணி படம் போட்டிருக்கு." குரு டைரியை எடுத்துக் குத்தினாள். "அடுத்த நிமிஷத்துக்கு வச்சிருக்கேன். யாராவது ஒரு ஆளு இதைக் கொண்டுபோயி வெளியில நிக்க வண்டிக்கு அடியில வைங்க."

மாடக்கண்ணு கொண்டுபோய் வைத்தார். அடுத்த நிமிஷம் பழைய மொபெட் ஒன்றைக் குரு பகவான் அழைத்தார். மாடக்கண்ணு தம் சுக்கிரனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். நான் செவ்வாயைச் சுரண்டினேன். அண்ணாச்சி சனியைச் சுரண்டினார். மூன்றுக்கும் அடியில் ஒரே மாடல் நம்பர்.

"அலாரம் இல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா?" என்று கேட்டபடியே குமரகுருபரன் சமையல்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். அங்கே பார்வதியம்மாள் கரண்டியோடு நின்றார். போலீஸ் வரும்வரை ஆள் அசையவில்லை. 'போகாதே' என்று பதிந்தது யார் என்று கைலாசம் அண்ணாச்சி கேட்டதற்கு, "கிரகம் என் விரலைப் பிடித்து எழுதியது" என்றார். அண்ணாச்சி இடுப்புச் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊருக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கைலாசம் அண்ணாச்சி வீட்டு வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். தட்டில் பூ, பழம், அவரவர் செல்போன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வரிசையில் மூன்றாவது ஆள் நான்தான்.

"தாயி, ஒன்பது கிரகத்தையும் கட்டிப்போட்டவ நீ. இனிமே என்ன போன் வாங்கணும், எந்தக் கிழமை வாங்கணும்னு நீயே உன் வாயால சொல்லிரு" என்றார் முதல் ஆள்.

"வழி விடுங்க, பிள்ளைக்குப் பத்து மணிக்குக் கவுன்சிலிங்" என்று கைலாசம் அண்ணாச்சி சான்றிதழ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளினார். பிரேமலதா படியில் நின்று எங்களை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"நேத்து அங்கன நின்னிய, இன்னைக்கு இங்கன வந்து நிக்கிய. யோசிக்கதுக்குன்னு ஆளுக்கு ஒரு தலை இருக்குல்லா அண்ணாச்சி? அதுக்கும் ஒரு ஆளைத் தேடி வரிசையில நிக்காதிய."