காயில்காரர் வீட்டு ஒலிபரப்பு

கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் உலகத்தில் எது கெட்டாலும் அதற்குக் காரணம் காயில்தான் என்று நம்பி வாழ்ந்தவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தொண்ணூறுகளில் கணபதியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் கடைசி வீட்டுக்காரர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் காயில்காரர்.

எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பது அவர் தொழில். அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“காயில் சூடாயிருச்சுங்க அம்மணி. லோடு ஜாஸ்தி. ஆபீசுக்கு லீவு சொல்லிப்போட்டுப் படுத்துக்கச் சொல்லுங்க.”

இதைச் சாக்காக வைத்து என் கணவர் காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு வாரம் படுத்துக்கொண்டார்.

ஒருமுறை என் டேபிள் ஃபேனை அவரை நம்பிக் கொடுத்தேன். திரும்பி வந்த ஃபேன், சுவிட்சைப் போட்டதும் மேசையிலிருந்து குதித்து வாசல் வரைக்கும் போய்விட்டது. அவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். “பவர் கூடியிருக்குதுங்க” என்றார். எங்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டு முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவின் மிக்ஸியும் அவர் கைபட்டதுதான். அந்த வீட்டு விட்டத்தில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் மனைவி சரசக்கா. வருஷக்கணக்காக மில்லில் வேலை பார்த்தவர். அந்த மிஷின்களின் இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. ஆனால் அதை அவர் ஒத்துக்கொண்டதில்லை.

“எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு. இப்பத்த சனந்தான் வாய்க்குள்ளயே பேசுது.”

எதற்கெடுத்தாலும் காயில் போச்சு என்கிற மனிதர், மனைவியின் காதைப் பற்றி மட்டும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பதிலாகத் தொண்டை கிழியக் கத்திப் பேசுவார். பிறகு களைத்துப்போய்ப் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில் அவர்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. சரசக்கா சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டுத்தான் உட்காருவார். கடலோரத்துக்கு மழை எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னால், எங்கள் வளவில், அதாவது லைன் வீடு மொத்தத்திலும், கொடியில் காய்கிற துணியை எல்லாரும் ஓடிப்போய் எடுப்பார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. ஒரு நாள் கிளம்பி வந்துவிட்டார்.

“ஏனுங்க, உங்கள மாதிரித் தங்கமான மனுசங்க கெடைக்கறது கஷ்டமுங்க. டிவி சத்தத்தக் கொறைச்சுப்போடுங்க. இல்லாட்டி ஆடி கழிஞ்சதும் ஊட்டக் காலி பண்ணிக்கோங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

நான் மதுரைக்காரி. எங்கள் பக்கத்தில் இதே விஷயத்துக்கு நாலு சட்டி உடைந்திருக்கும். இங்கே கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி காலி பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்.

காயில்காரர் சத்தத்தைக் குறைத்தார். டிவி கெட்டுவிட்டது என்று சரசக்கா அதன் தலையில் தட்டினார். இவர் மறுபடி கூட்டினார். அந்த வீட்டை விட்டால் அவருடைய காயில் கடைக்குப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது. டிவியை நிறுத்தச் சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை. கடையில் உட்கார்ந்து பொடிப் பொடியாகக் காயில் சுற்றி, ஒரு சோப்பு டப்பாவுக்குள் எதையோ அடைத்துக்கொண்டு வந்தார்.

“அடாப்டருங்க. இது டிவி சத்தத்தை ஒயரே இல்லாம ரேடியோவுக்கு அனுப்பும். டிவி மெல்லப் பேசட்டும், எங்கூட்டு அம்மணி ரேடியோவக் காதுல மாட்டிக் கேட்டுக்கட்டும்.”

டிவியைத் திறந்து உள்ளேயிருந்து ஒயர் எடுப்பதுதான் முறையாம். சரசக்கா விடவில்லை. ஃபேனையும் மிக்ஸியையும் பார்த்தவர் அல்லவா.

“டிவி முதுகுல கைய வெச்சீங்கன்னா நான் அந்தியூருக்கு என்ற பொறந்த ஊட்டுக்கே போயிருவனுங்க.”

ஆகவே ஒரு சின்ன மைக்கை வெளியிலேயே, டிவி ஸ்பீக்கருக்கு நேராக, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினார். பின்னால் நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம்.

அன்று பொழுது சாய்ந்ததும் எங்கள் வளவில் குழம்பு கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது. சரசக்கா காதில் இயர்போனோடு உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார்.

சில நாள் கழித்து என் கணவர் எங்கள் டூ-இன்-ஒன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் எங்களுக்கு எஃப்.எம்.மில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வராது. அன்றைக்கு அதில் சரசக்கா வந்தார்.

“அந்த மதுரப் புள்ள ரசம் குடுத்துச்சுங்க. சுடுதண்ணி சூடா இருந்துச்சு, அவ்ளோதான்.”

என் கணவர் ரேடியோவைப் பார்த்துத் தலையாட்டினார்.

விஷயம் புரிந்தது. அந்த மைக் டிவியை மட்டும் கேட்கவில்லை, வீட்டையே கேட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுச் சாம்பாரின் முறை வந்தது. உட்கார்ந்துவிட்டேன். இரண்டே நாளில் வளவில் எல்லா ரேடியோவும் அந்த இடத்திலேயே நின்றன, வீட்டுக்காரம்மாவுடையதும் சேர்த்து. அது தெரியாமல் சரசக்கா ஒரு நாள் சொன்னார்:

“நம்ம டிவிதான் சத்தமாமா? அந்தம்மா கொறட்டைக்கு அவியள நாம காலி பண்ணச் சொன்னமா?”

நாங்கள் ஆளுக்கொரு ஜன்னலில் நின்று முன்வீட்டைப் பார்த்தோம். மறுநாள் வீட்டுக்காரம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடி முடியும்வரை இனிப் பொறுக்க மாட்டார், காயில்காரர் சாமான் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டோம்.

அன்று சாயங்காலம் காயில்காரர் கடையிலிருந்து வந்து, நழுவிக் கிடந்த மைக்கைக் குனிந்து சரி செய்திருக்கிறார். வாய்க்குள்ளேயே முனகியது எங்கள் ரேடியோவில் கேட்டது.

“அப்பனே, முதுகு வலி தாங்கல.”

“முதுகு வலிக்குதுங்களா?” என்றது சரசக்காவின் குரல்.

ரேடியோ கரகரத்தது. காயில்காரர் மைக்குக்கு இன்னும் கிட்டே வந்தார்.

“நான் பேசறது கேக்குதா அம்மணி?”

“கேக்குதுங்க.”

“கத்தாமயே கேக்குதா?”

“பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி கேக்குதுங்க.”

டிவி நின்றது. காயில்காரர் பேச ஆரம்பித்தார். “தொண்டாமுத்தூர்க்காரர் ஒருத்தர் மோட்டாரக் கொண்டாந்தாரு. ராத்திரி ஆனை வந்து பம்புசெட்டத் தள்ளிப்போட்டுப் போயிருச்சாமா. மோட்டாருக்கு ஒண்ணுமே ஆகல அம்மணி. ஓடி ஒளிஞ்சதுல அவருக்குத்தான் முட்டி பேந்துருக்குது.”

சரசக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்.

“இத்தன வருசமா இதெல்லாம் ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லிட்டுத்தான் இருந்தேன் அம்மணி.”

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு தினமும் பொழுது சாய்ந்தால் டிவி நிற்கும், காயில்காரர் பேசுவார். கடைக்கு மோட்டார் கொண்டுவந்த ஒருவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையை வாரக்கணக்கில் சொன்னார். நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்த மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா முன்வீட்டிலிருந்து இறங்கிக் கடைசி வீட்டைப் பார்த்து நடந்தார். எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

“ஏனுங்க,” என்றார் வீட்டுக்காரம்மா, “நேத்துப் பொழுதோட ஒண்ணுமே பேசலீங்களே. அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை அமைஞ்சுதுங்களா இல்லீங்களா?”

காயில்காரர் வரிசையாக எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். விஷயம் விளங்கியதும் சரசக்காவின் காதருகே போய், எல்லாவற்றையும் கத்திச் சொன்னார்.

சரசக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ரசமுமா?”

நான் தலையாட்டினேன்.

வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பினார். “கொறட்டையுமா?”

“அதுந்தானுங்க. அத வுடுங்க. காலி கீலின்னு எங்கியும் போயராதீங்க. மாப்பிள்ளை அமைஞ்சுதா, அதச் சொல்லுங்க.”

சரசக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவும் சாத்திக்கொண்டது. இனி எங்கே பேசப் போகிறார்கள் என்று நினைத்தோம். இருந்தாலும் அன்று பொழுது சாய்ந்ததும் வெட்கமில்லாமல் ரேடியோவைத் திருகினோம். வெறும் இரைச்சல். வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு சரசக்காவின் குரல் வந்தது.

“எல்லாரும் சாப்ட்டீங்களா?”

எங்கள் வளவு முழுக்க, வீட்டுக்கு வீடு சுவர் வழியாகப் பதில் போயிற்று. “ஆச்சுங்க.” முன்வீட்டிலிருந்தும் வந்தது. அது எதுவும் சரசக்காவுக்குக் கேட்டிருக்காது. காயில்காரர் எங்கள் அத்தனை பேர் சொன்னதையும் வாங்கி, மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னார்.

“எல்லாரும் சாப்ட்டாச்சாமா அம்மணி. உன்னையுங் கேக்கறாங்க.”

அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.