உமிச்சாம்பல் சூத்திரம்

தண்டலம்,
12-10-1979

அன்புள்ள மச்சான் சாலமோனுக்கு,

மாதாவின் தயவில் நானும், உங்கள் அக்கா லூர்தம்மாளும், அவளைவிடச் சாதுவான எங்கள் எருமையும் சுகம். அங்கும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம்.

புது வீட்டுத் தூண்களுக்கு என் கான்கிரீட் சூத்திரத்தைக் கேட்டிருந்தீர்கள். இங்கே வரும் தொழிற்சாலையில் ராட்சத பிரஸ் மெஷினுக்கு அஸ்திவாரம் போட வேண்டும். உள்ளூர்ச் சரக்கு தாங்காது, மெட்ராஸ் காண்டிராக்டர்தான் சரி என்றார் இன்ஜினீயர். பத்து வருஷமாகக் கக்கூஸ் மட்டுமே கட்டிய நான், பாலாற்று மணல், பக்கத்துக் குவாரி ஜல்லி, ரைஸ்மில் உமிச்சாம்பல் இவற்றை வைத்தே இரட்டிப்பு பலம் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மாதிரிக்கு ஆறு கான்கிரீட் கட்டி வார்த்து, அவை சோதனையில் தேறினால் வேலை எனக்கு. சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துச் சாம்பல். தண்ணீரில் மகா கஞ்சத்தனம். சித்தாள் மீனம்மாள் கிளறிப் பார்த்து, "இன்னாண்ணே, இது கலவையா, புட்டா? ஒரு கொடம் ஊத்தினா இன்னா?" என்றாள். அன்று முதல் தண்ணீர் டிரம் மூடிமேலேயே நான் குடியிருந்தேன். சாம்பலையும் அவள் ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஆறு கட்டிகளும் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊற வேண்டுமாம். எருமைத் தொட்டியில் போட்டேன். எருமை மூக்கை இடித்துக்கொண்டு பாலை நிறுத்தியது. உங்கள் அக்கா காப்பியை நிறுத்தினாள். கடைசியில் மெட்ராஸில் மெஷினில் வைத்து நசுக்கினார்கள். முள் ஏறுகிறது, நான் ஜெபமாலையைத் தாறுமாறாக உருட்டுகிறேன், கட்டியோ கேட்டதற்கு மேலேயே தாங்கிற்று. வேலை நமக்குத்தான். ஆகவே நாலு பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு சாம்பல், தைரியமாகப் போடுங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்களும், எருமையின் விசாரிப்பும்.

அன்பு மச்சான்,
லாசர்

பி.கு.: தூணில் கை வைக்காதீர்கள். குளியலறை கட்ட உங்கள் அக்கா சர்க்கார் பெர்மிட்டில் வாங்கி என் ஷெட்டில் வைத்திருந்த சிமெண்ட் மூட்டையை இப்போதுதான் பிரித்தோம். உள்ளே முழுக்க உமிச்சாம்பல். மீனம்மாளைக் கேட்டால், "சிமெண்ட்ல சாம்பலைக் கலந்து கம்பெனிக்காரனை ஏமாத்தறியேன்னு பயந்துட்டேண்ணே. பாவம் உன்னை சும்மா வுடாது. அதான் மாத்தி வெச்சேன்" என்கிறாள். ஆக, கட்டியில் போனது சாம்பலே இல்லை, முழுக்க உங்கள் அக்காவின் சிமெண்ட். இன்ஜினீயரிடம் ஓடிப் போய் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்து முடிக்கக் கால்மணி ஆயிற்று. மணலும் ஜல்லியும் உள்ளூர்ச் சரக்குதானே, தாங்கிற்றே என்று வேலையை என்னிடமே விட்டுவிட்டார். கலவையை மட்டும் மீனம்மாள் பார்ப்பாளாம். நான் டிரம் மூடிமேல் உட்கார்ந்தால் போதுமாம்.