கொடிக்கம்பத்தைச் சுற்றிய மாடுகள்

பெண் கேட்டுக் காத்திருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பெருமை வரும். பெருமைக்குப் பின்னாலேயே மாட்டுவண்டி வரும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கண்ணுங்களா. (எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதுவரை நடத்திய பாடத்தில் இது இல்லை.) பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கதையை உங்கள் அம்மா சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்னதில் பாதி அவள் கண்ணால் பார்க்காதது. பார்த்தவன் நான் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

நல்லம்பள்ளியைத் தாண்டி, வத்தல்மலை தெரிகிற ஒரு மேட்டில், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலனி இருந்தது. பட்டாளம், ரயில்வே, டீ எஸ்டேட் என்று எங்கெங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து கட்டிக்கொண்டது. மலைப் பக்கம் என்பதால் குளுகுளுவென்று இருக்கும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். வந்தவுடன் ரோஜா வைத்தார்கள், செத்துப்போனது. அடுத்து கோல்ப் மைதானம் போட்டார்கள்.

கோல்ப் என்றால் ஒன்றுமில்லை. சின்னப் பந்தைக் கம்பியால் தூர அடித்து, தேடிப் போய், மறுபடி அடித்து, கடைசியில் ஒரு குழிக்குள் விழ வைக்க வேண்டும். குழியில் அடையாளத்துக்கு ஒரு கொடிக்கம்பம் நிற்கும். அதைச் சுற்றி இருக்கிற வட்டத்துக்குத்தான் கிரீன் என்று பெயர். பாய் விரித்த மாதிரி புல் இருக்க வேண்டிய இடம். லேசாகத் தட்டினால் பந்து உருண்டு போய் விழ வேண்டும்.

எங்கள் கிரீனில் பெயர் மட்டும்தான் பச்சை. புல் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும். நடுவே வெடிப்பு. வெடிப்பு இல்லாத இடத்தில் எறும்புப் புற்று. தட்டிய பந்து கல்லில் மோதித் திரும்பும், இல்லையென்றால் புற்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலமானால் பெரியவர்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள். ஏனென்றால் அந்த மைதானத்துக்குத் தோட்டக்காரன், தண்ணீர் பாய்ச்சுகிறவன், பந்து பொறுக்குகிறவன் எல்லாம் நான்தான்.

திட்டாதவர் ஒருவர் இருந்தார். பட்டாளத்து ஐயா. வெள்ளை மீசை, தனியாள். அவர் யாரோடும் சேர்ந்து ஆட மாட்டார். இரண்டு பந்து கொண்டுவருவார். ஒரு பந்தைத் தட்டுவார். பிறகு தள்ளி வந்து நின்று, இன்னொரு பந்தை ரொம்ப மெதுவாகத் தட்டுவார். அது பாதி வழியில் நின்றுவிடும். அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அது யாரு பந்துங்க ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வீட்டு மேடத்தோடது பெருமாளு. அவங்க மெதுவாத்தான் தட்டுவாங்க. ஊட்டியில அது போதும், பந்து தானா போய் விழும். எப்பவும் அவங்கதான் ஜெயிப்பாங்க."

"மேடம் எப்பங்க வருவாங்க?"

"வரமாட்டாங்கப்பா. ஊட்டியிலேயே போய்ட்டாங்க." அப்புறம் நின்றுபோன பந்தைக் காட்டி, "இங்க அவங்களால ஜெயிக்கவே முடியல பாரு" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். (இருபத்து நாலு வயதுக்காரனுக்கு என்ன தெரியும்? தனக்குத்தானே தோற்றுக்கொள்கிற கிழவர் என்று நினைத்தேன்.)

ஆனால் என் ஏக்கம் எனக்கும் இருந்தது. அது பாப்பாரப்பட்டிச் சந்தையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தது. மாதம்மாள். உங்கள் அம்மா. முறைப்பெண்தான், தூரத்து மாமன் மகள். அவளைப் பார்க்கவே வாராவாரம் புளி வாங்கி, எங்கள் வீட்டில் ரசம் தவிர வேறு குழம்பே இல்லாமல் போனது. என் ஆத்தா கையெடுத்துக் கும்பிட்டாள், "ஒரு வாரம் வெங்காயம் வாங்கியாடா சாமி" என்று.

அவள் அப்பா முனியப்பன் மாமா பிடி கொடுக்கவில்லை. "ஒங்க வேல நெலையானதா மாப்ள? நெலையானதுன்னா பேசலாம். இல்லீன்னா பொறவு பாக்கலாம்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் காலனிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். ரயில்வேயில் இருந்தவர். பேசும்போதே வண்டி கிளம்பப் போகிற மாதிரி அவசரம். "பெருமாள், ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல இருந்து விருந்தாளிங்க ஆட வராங்க. கிரீன் நல்லா இருந்தா உன்னைப் பெர்மனென்ட் பண்றேன். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கோ."

புல்லுக்கு எங்கே போவது? அந்த மண்ணில் புல் வளர்ந்தால் மாடே ஆச்சரியப்படும். யோசித்து யோசித்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். காய்ந்த புல்லைச் செத்தி எறிந்தேன். புற்றை வெட்டினேன். தண்ணீர் தெளித்து, மண்ணைக் குத்தி, கட்டை வைத்து அடித்து மட்டம் பண்ணினேன். கடைசியில் சாணி கரைத்து வழித்து மெழுகினேன். அறுப்புக் காலத்தில் கதிரடிக்கக் களம் எப்படிச் செய்வோமோ அப்படியே. கை பழகிய பழக்கம், முடிந்ததும் ஓரத்தில் சாணியில் ஒரு பிள்ளையார் பிடித்து, அருகம்புல்லும் செருகிவிட்டேன். (மைதானத்தில் உயிரோடு இருந்த புல் அது ஒன்றுதான்.)

செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். பந்தை உருட்டினார். ஓடியது. "வாசனை போகுமா?" என்றார். "காஞ்சா போயிருங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பட்டாளத்து ஐயா சாயங்காலம் வந்தார். தன் பந்தைத் தட்டினார், குழியைத் தாண்டி ஓடிவிட்டது. தள்ளி நின்று மற்றதை மெதுவாகத் தட்டினார். அது போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சந்தைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மாதம்மாள் காதில் விழுகிற மாதிரி மாமாவிடம் சொன்னேன்.

"களம் ஒண்ணு போட்டிருக்கேங்க மாமா. கண்ணாடியாட்டம் இருக்கும்."

"களமா? ஆருது?"

இங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். அவள் தராசைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம பொறுப்புலதாங்க மாமா இருக்குது. நான் வெச்சதுதான் சட்டம்."

"அட! எங்க களம் மழையில ஊறிக் கெடக்குது. கதிரு எங்க அடிக்கிறதுன்னு திண்டாடிட்டு இருக்கேன். ஞாயித்துக்கெழம வண்டி கட்டியாறேன். புதுக்களத்த வெறுங்களமா வெக்கக் கூடாது மாப்ள, மொதப் பொலி நம்முளுதா இருக்கட்டும்."

முடியாது என்று சொல்லலாம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாளே, எப்படிச் சொல்வது? "காலனி மேட்டுலதாங்க, மத்தியானத்துக்கு மேல வாங்க மாமா" என்றேன். காலையில் ஆட்டம் முடிந்துவிடும், சாயங்காலம் ராகி அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டு முனையில் காரை எதிர்பார்த்து நின்றேன். பெங்களூர்க்காரர்கள் அரை நிஜாரோடு இறங்கினார்கள். அவர்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். "நம்ம கிரீன் கண்ணாடிங்க சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

மேடு ஏறியதும் முதலில் காதில் விழுந்தது, "பொலி! பொலி!" என்று களத்தில் தானியம் பெருகக் கூவி மாடு ஓட்டுகிற சத்தம்.

கிரீன் முழுக்க ராகிக் கதிர். நாலு மாடு ஒரே பிணையலாகச் சுற்றி வந்தன. எதைச் சுற்றி? குழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்தை. முதல் மாட்டின் கயிறு அதில்தான் கட்டியிருந்தது. கொடி தலைக்கு மேலே படபடத்தது. பின்னால் மாமா, தலையில் முண்டாசு, கையில் தார்க்குச்சி.

"என்ன மாப்ள, ஒறங்கிட்டீங்களா? வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரலாம்னு வெள்ளனே வந்துட்டேன். கம்பம்கூட நட்டு வெச்சிருக்கீங்க! ஒண்ணுக்கும் கொறவில்ல!"

செயலாளர் வந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது, வந்தது நிற்கவே இல்லை. மாமா அதைக் காதில் வாங்கவில்லை. ஒத்தாசைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, முன்னால் நின்ற பெங்களூர்க்காரர் கையில் ஒரு முறத்தைக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் கதிரை எடுத்துப் பார்த்து, "ராகி சென்னாகிதே" என்றார், நன்றாக இருக்கிறதாம். மாமாவுக்கும் கன்னடம் வரும். இரண்டு பேரும் இந்த வருஷ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாடு ஒன்று வாலைத் தூக்கி, நான் மெழுகிய இடத்தில் இன்னொரு பூச்சுப் போட்டது.

"நீ இந்த நிமிஷமே வெளிய போ!" என்றார் செயலாளர்.

அப்போதுதான் மாமாவுக்கு விஷயம் புரிந்தது. மாட்டை நிறுத்தினார். முண்டாசை அவிழ்த்தார். "இது ஒங்களுது இல்லீங்களா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பைகளைத் தோளிலிருந்து இறக்காமலே இல்லை என்று தலையை ஆட்டினேன்.

திரும்பும்போது வண்டியில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனேன். பாதி வழியில் அவராகச் சொன்னார்: "ஒங்க வேலயில நானே மாட்ட ஏத்திட்டேன். இதுக்கு மேல நெலையான வேல வேணும்னு நான் கேட்டா, ஊரு என்னையத்தான் சிரிக்கும். தையில வெச்சிக்கலாம்."

வேலை போனதற்காகப் பெண் கிடைத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

கல்யாணத்துக்கு முன்னால், விட்டுவந்த மண்வெட்டியை எடுக்கக் காலனிக்குப் போனேன். இடையில் காலமில்லாத காலத்தில் ஒரு மழை பெய்திருந்தது. குளம்பு மிதித்த பள்ளமெல்லாம் சிந்திய ராகி முளைத்து, கிரீன் முழுக்கப் பச்சைப் பசேலென்று நின்றது. பிறந்ததிலிருந்து அது பச்சையாக இருந்தது அந்த ஒரு தடவைதான். நடுவில் பட்டாளத்து ஐயா நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. இனி பந்து போவாதுங்க."

"போகாதுதான்." குனிந்து, மேடத்தின் பந்தைக் கையாலேயே குழிக்குள் போட்டார். "அன்னைக்கு ஒரு தடவை போச்சே. அவங்க ஜெயிச்சாச்சு, விடு."

அப்போதும் எனக்குப் புரியவில்லை.

நம் வீட்டில் களி கிண்டிய நாளெல்லாம், முதல் உருண்டையை என் தட்டில் போடும்போது உங்கள் அம்மா சொல்வாளே: "மெதுவாத் தின்னுங்க. எங்கப்பன் வெதச்ச கிரீனு." உடனே நீங்கள் எல்லோரும் "பொலி! பொலி!" என்று கத்துவீர்கள். எனக்குக் கோபம் வருகிற மாதிரி நடிப்பேன்.

போன வாரமும் களிதான். பெரியவள் கிண்டினாள். உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு நானே சொன்னேன், "மெதுவாத் தின்னுங்க" என்று. நீங்களும் கத்தினீர்கள். ஆனால் என் குரலில் அது நகைச்சுவையாக வரவில்லை, இல்லையா?

பரவாயில்லை. அவள் தட்டில் ஒரு உருண்டை போட்டு வைத்தீர்களே, யாருமே எடுக்காமல். அதை நான்தான் தின்றேன். அவள் சாப்பிடுகிற மாதிரி, மெதுவாக.