பத்து நிமிஷத் தூக்கம்

இதயத்தில் எத்தனை அறைகள் என்று அறிவியல் ஆசிரியர் ஆறாவது முறையாகக் கேட்டார். ஏழாம் வகுப்பு மொத்தமும், வாடகைக்கு இடம் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி ஆய்வாளர் வருகிறார்.

"அன்னைக்கும் பிள்ளைங்க வாயைத் திறக்கலன்னா, உங்களுக்கு இனிமே அறிவியல் கிடையாது. நூலகத்துல புத்தகம் அடுக்கலாம்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

ஆசிரியர் சனிக்கிழமை பயிற்சியொன்றுக்குப் போனார். மூளை ஆராய்ச்சி வகுப்பறைக்கு எப்படி உதவும் என்று பதினாறு பக்கம் குறிப்பெடுத்து வந்தார்.

உடம்பு அசைந்தால் மூளை விழிக்குமாம். திங்களன்று நாற்பது பேரையும் இதயம்போலத் துடித்துக் குதிக்கச் சொன்னார். கீழ்த்தளத்தில் தலைமையாசிரியையின் டீயில் காரை பெயர்ந்து விழுந்தது.

எதிர்பாராத நேரத்தில் கேட்டால் நினைவு உறுதிப்படுமாம். செவ்வாயன்று குழாயடியிலும் கழிவறை வாசலிலும் மறித்துக் கேள்வி கேட்டார். புதனன்று ஒரு தாய் போன் செய்தார்.

"சார், எம்பொண்ணு ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா. குடிச்சா அங்க போகணுமாம்."

வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது: படித்ததைத் தூக்கம்தான் பதிய வைக்கும். பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டு, "எல்லாரும் தலையைக் கவுத்துப் பத்து நிமிஷம் தூங்குங்க" என்றார்.

"நிஜமாவா சார்?"

"ஆராய்ச்சி சொல்லுது."

வழிகாட்டியாக இருக்கட்டுமென்று தாமும் மேசையில் தலை சாய்த்தார்.

கதவு தட்டும் சத்தம். நிமிர்ந்தால் வாசலில் ஆய்வாளர், அவருக்குப் பின்னால் தலைமையாசிரியை. எதிரே நாற்பது தலைகள் மேசைமேல் கிடந்தன.

"என்ன நடக்குது இங்க?"

"தூக்கவழிக் கற்பித்தல் சார்." அந்தப் பெயர் அந்த நொடியில்தான் பிறந்தது.

ஆய்வாளர் ஒருவனை எழுப்பினார். நான்கு அறைகளையும் சொன்னான். இன்னொருத்தி வால்வுகளைச் சொன்னாள். கடைசி வரிசைக்காரன் பலகையில் ரத்தத்தின் பாதையையே வரைந்துவிட்டான்.

"இதை எல்லாப் பள்ளிக்கும் சிபாரிசு பண்றேன்" என்றார் ஆய்வாளர். "அடுத்த மாசப் பயிற்சியை நீங்களே நடத்திருங்க." தலைமையாசிரியை முதன்முறையாக ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தார்.

அவர்கள் போனதும் ஆசிரியர் பெருமையாக வகுப்பின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, பத்து நிமிஷத் தூக்கம் என்ன வேலை பண்ணியிருக்குன்னு."

முன்வரிசைச் சிறுமி தயங்கி எழுந்தாள்.

"அரை மணி நேரம் சார். நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் நாங்களே ஒருத்தருக்கொருத்தர் பாடம் நடத்திக்கிட்டோம், அவங்க வர்றது தெரிஞ்சப்பதான் தலையைக் கவுத்தோம்."