தீவைச் சுற்றிய வட்டம் அண்ணன்

பினாங்குத் தீவில் மழை இல்லாத நாள் உண்டு, டிராஃபிக் ஜாம் இல்லாத நாள்கூட உண்டு. வட்டம் அண்ணன் கோபப்படாத நாள் கிடையாது. லிஃப்ட் மெதுவாக வந்தால் லிஃப்டைத் திட்டுவார். கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் சீனி அதிகமானால், ஆற்றியவரை விட்டுவிட்டுச் சீனியைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே திட்டுவார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தோம். என்ன கேட்டாலும் போர்டில் ஒரு வட்டம் போட்டுத்தான் பதில் சொல்வார். வீட்டில் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போனது.

தீபாவளி நெருக்கத்தில் வந்தது வினை. பார்சல் விவரங்களை ஏழு மெஷின்களில் பிரித்து வைத்திருந்தோம். பார்சல் எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதிதான், எந்த மெஷின் என்று சொல்லும். மேனேஜரின் யோசனை அது. கூட்டம் தாங்காது என்று அவரே எட்டாவது மெஷினையும் சேர்த்தார். இனி எட்டால் வகுக்க வேண்டும் அல்லவா? மீதியெல்லாம் மாறிவிட்டது. விவரம் பழைய மெஷினில் இருக்க, புதுக் கணக்கு வேறு மெஷினைக் காட்டியது. ஊர்ப்பட்ட முறுக்குப் பார்சல்களில் எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போனில் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர், "கஸ்டமருக்குப் பொறுமையே இல்ல லா" என்றார். எனக்கே ரத்தம் கொதித்தது.

வட்டம் அண்ணன் எழுந்தார். "பாஸ், வாங்க. என் கெரெத்தாவுல ஒரு ரவுண்டு போவோம்."

பின்சீட்டில் நானும் ஏறினேன். அந்தக் காரின் பெட்ரோல் முள் ஏற்கெனவே படுத்துக் கிடந்தது.

"இந்தத் தீவச் சுத்துற ரோடுதான் வட்டம்," என்றார் பாயான் லெபாஸ் தாண்டியதும். "மெஷின்லாம் ரோட்டோரத்து பெட்ரோல் எண்ணெ ஸ்டேஷன். பார்சல் நம்பர ஒரு கணக்குல போட்டு அரைச்சா ரோட்டுல ஒரு எடம் வரும். எப்ப அரைச்சாலும் அதே எடம். அங்கேர்ந்து திரும்பாம போனா மொத வர்ற ஸ்டேஷன்தான் அதோட மெஷின். புதுசா ஒன்னு தொறந்தா, அதுக்கும் முந்துன ஸ்டேஷனுக்கும் நடுவுல வர்ற வண்டி மட்டும் அங்க நிக்கும். மத்தவன் அவனவன் ஸ்டேஷனுக்குப் போவான். நீங்க என்னத்துக்கு லா ஊரையே கலைச்சீங்க?"

பாலிக் புலாவில் இருந்த ஸ்டேஷன் மூடியிருந்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "வந்த வழியே திரும்பிடலாமே லா."

"வட்டத்துல ரிவர்ஸ் கெடையாது பாஸ்."

மலைப்பாதையில் முள் நடுங்கியது, மேனேஜரும் நடுங்கினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்கு வந்தால் அங்கே ரோடுவரை வரிசை. ஸ்டேஷன் கடையில் இருந்த பெண் எல்லோர்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"அப்ப, மூடுனவன் கூட்டம் பூரா அடுத்தவன் தலையிலதானா?" என்றார் மேனேஜர். அவர் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"அதான் பாஸ். ஒரு மெஷினுக்கு ஒரே எடம் குடுக்கக் கூடாது. வட்டம் பூரா சின்னச் சின்னதா நெறைய எடம் குடுக்கணும். ஒன்னு படுத்தாலும் அதோட சொம எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா போவும்."

அப்படியே மாற்றினோம். முறுக்குகள் வீடு போய்ச் சேர்ந்தன. பாராட்டு மேனேஜருக்குப் போனது. அதைக்கூட விடுங்கள்.

சில மாதம் கழித்து, புகார்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. அவள் வேலை மொத்தத்தையும், எங்களோடு வேலை பார்த்த மேரி அக்காவின் மேசையில் மேனேஜர் இறக்கினார். மேரி அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடே ஓடியது. அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "முடியல பா, வேலய விட்டு நின்னுக்குறேன்" என்று அழுதார்.

வட்டம் அண்ணன் மேனேஜர் அறைக்கதவைத் தட்டவில்லை, திறந்துகொண்டு போனார். "மெஷினுக்குக் காட்டுன எரக்கத்த மனுசிக்குக் காட்ட மாட்டீங்களா?"

"போன பொண்ணுக்கு அவங்கதான லா பக்கத்து சீட்டு," என்றார் மேனேஜர்.

தீவையே சுற்றிக் காட்டியும் அந்த மனிதருக்கு எருமை மேல் மழை பெய்த கதைதான். வட்டம் அண்ணன் போட்ட சத்தத்தில் புகார்கள் எங்கள் எல்லோருக்கும் பிரிந்தன. மேரி அக்கா வேலையில் தங்கினார். மேனேஜர் மட்டும் கறுவிக்கொண்டே இருந்தார். அந்த வருடக் கடைசியில், ஒத்துழைப்பு போதவில்லை என்று வட்டம் அண்ணனை அனுப்பிவிட்டார்.

மறுநாளே மேனேஜர் மேரி அக்காவிடம் வந்தார். "வட்டத்தோட வேலயெல்லாம் இனிமே நீங்க பாத்துக்குங்க."

"எந்த வேல பாஸ்?" என்றார் மேரி அக்கா.

ஒன்றுமே மிச்சம் இல்லை. அந்தப் புகார்ச் சண்டைக்குப் பிறகு மாதக்கணக்கில் வட்டம் அண்ணன் எங்கள் ஒவ்வொருவர் மேசையருகிலும் நின்று, "இதுகூடத் தெரியாதா லா ஒனக்கு?" என்று கத்திக் கத்தி தன் வேலையில் ஆளுக்கொரு துண்டைப் பழக்கியிருந்தார். நாங்கள் அதை வெறும் கோபம் என்றே நினைத்தோம். அவர் சுமை எங்களில் யாருக்கும் கனக்கவில்லை. ஆபீஸ் ஒருநாள்கூடத் தடுமாறவில்லை.

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தான் போனதே தெரியாதபடி ஒரு மனிதர் போகலாமா? எனக்குத் தெரிகிறது அண்ணே, தினமும் தெரிகிறது.