மாஸ்டர் நியூட்ரலில் நின்ற கதை

இந்த வீட்டில் ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்டுவது என்று மாஸ்டர் முடிவெடுத்தபோது, அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. அதனால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயைக் கொப்பளித்தார். நுரை வெளியே போனது, சபதம் உள்ளே தங்கியது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் பாங்க் மேனேஜரும் மாணவர்தான், பல் டாக்டரும் மாணவர்தான். கிளட்சை விடு என்றால் விடுவார்கள். ஓரங்கட்டு என்றால் ஓரங்கட்டுவார்கள். வீட்டில் அவரையே ஓரங்கட்டிப் பல வருஷம் ஆகிறது என்பது அந்த மாணவர்களுக்குத் தெரியாது.

மனைவி சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறவள். வரிசையில் நிற்கிறவர் பர்ஸைத் தேடி எடுப்பதற்குள் பில்லை நீட்டிவிடும் விரல்கள். அவள் மாஸ்டரிடம் வெகுநாளாக ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்கிறீங்க. எனக்கும் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தா என்ன?"

மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்பார். அந்தச் சொல்லில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்டவளுக்குச் சண்டை போட வழியில்லை, சொன்னவருக்கு வேலையில்லை. மழை பெய்தால் பார்க்கலாம், வெயில் அடித்தால் பார்க்கலாம்.

காரணம் கஞ்சத்தனம் இல்லை. பயம். சொந்தமாக ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். தினம் துடைத்துத் துடைத்து, பெயின்ட் மெலிந்துபோன கார். உலகத்தில் அவர் சொல் எடுபடுகிற ஒரே இடம் ஸ்டீயரிங் இருக்கிற இடம்தான். அங்கேயும் மனைவி வந்து உட்கார்ந்துவிட்டால் அவருக்கென்று என்ன மிஞ்சும்?

இப்படி இருக்கும்போது காலேஜ் லீவுக்கு மகள் வந்தாள். கூடவே ஒரு விளையாட்டுப் பெட்டியும் வந்தது. டீவியில் அதை மாட்டினால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கைப்பிடி, அதில் ஏழெட்டுப் பட்டன். அம்மாவும் பெண்ணும் சாப்பாட்டை மறந்து அதில் விழுந்துகிடந்தார்கள். "பனிஷ் பண்ணும்மா." "விஃப் ஆயிடுச்சுடி, போச்சு. இனி உன் காம்போதான்." மாஸ்டருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தன் வீட்டு ஹாலிலேயே வழி தெரியாத ஆள் மாதிரி பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி ஒரு கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

"என்னங்க, ஒரு ஆட்டம் போட்டுப் பார்க்கலாமா?"

"எனக்கு எதுக்கு இந்தக் குத்துவெட்டெல்லாம்?"

"நீங்க ஜெயிச்சா இனிமே கார்ப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பேப்பர் மெதுவாக இறங்கியது. "எப்பவுமா?"

"எப்பவும்."

"நீ ஜெயிச்சா?"

"ஞாயித்துக்கிழமை டிரைவர் சீட்டு எனக்கு."

வழக்கம்போல "பார்க்கலாம்" என்றுதான் வாயெடுத்தார். ஆனால் ஆயுசுக்கும் நிம்மதி ஒரே ஆட்டத்தில் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? "சனிக்கிழமை வெச்சுக்கலாம். நான் கத்துக்க ஒரு நாள் வேணும்," என்றார். கார் ஓட்டக் கற்கவே அவர் மாணவர்களுக்கு ஒரு மாதம் ஆகிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை, பல் துலக்கிச் சபதம் எடுத்த கையோடு, மகளிடம் பாடத்துக்கு உட்கார்ந்தார்.

"முதல்ல நியூட்ரல்," என்றாள் மகள்.

மாஸ்டர் முகம் மலர்ந்தது. "அது எனக்குத் தெரியாதா? கியர் விழாம வண்டி சும்மா நிக்கிறது."

"கிட்டத்தட்ட அதேதான்ப்பா. ரெண்டு பேரும் தள்ளி நிக்கிறாங்க. யார் கையும் ஓங்கல. யார் முதல்ல கிட்ட வர்றதுன்னு நோட்டம் பார்த்துக்கிட்டு முன்னும் பின்னும் நடக்கிறாங்க. அதான் நியூட்ரல்."

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் உங்கம்மாவும் இருந்த மாதிரி."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அப்புறம் கிட்ட வந்தது யாருன்னும் சொல்லச் சொல்லுடி."

மாஸ்டர் கேட்காதது மாதிரி இருந்தார். "சரி, அடுத்தது?"

"ஃப்ரேம்."

"மூக்குக்கண்ணாடிக்குப் போடுறதா?"

"இல்லப்பா. ஒரு செகண்டை அறுபது துண்டாப் போட்டா ஒரு துண்டுக்குப் பேரு ஃப்ரேம். எந்த அடி கிளம்பி வர எத்தனை துண்டு ஆகும்னு கணக்கு இருக்கு. சின்னக் குத்து சட்டுனு வந்துடும். பெரிய உதை கொஞ்சம் தாமதமா வரும்."

"உங்கம்மா கோபத்துக்கு எத்தனை ஃப்ரேம்?"

"அது கிளம்பி வர்றதில்லப்பா. அங்கயேதான் இருக்கும்."

"அந்த காம்போ?"

"ஒரு அடி பட்டு ஆள் தடுமாறும்போதே அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு தொடர்ந்து விழுறது. நடுவுல மூச்சு விட முடியாது."

"எங்க கடையில சோப்பு வாங்கினா சீப்பு குடுக்கிறாங்களே, அதுக்கும் அதான் பேரு," என்றது சமையலறை.

"இதுல சோப்பும் சீப்பும் மூஞ்சி மேலயே வரும்மா. அப்புறம் விஃப். ஓங்கி அடிச்சு, ஆள் மேல படாம காத்துல போறது. போன கையை அவன் மடக்குறதுக்குள்ள நாம போட்டுத் தாக்கினா அது பனிஷ்."

மாஸ்டர் எல்லாவற்றையும் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். பெயர் தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்பது அவர் கொள்கை. மகள் கடைசிப் பாடத்துக்கு வந்தாள்.

"இது பிளாக். எதிராளிக்கு எதிர்ப்பக்கமா பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா, நம்ம ஆள் கையைக் குறுக்கே வெச்சு மூடிக்குவான். அடி உள்ள போகாது."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தா?"

"ஆமா."

"விடாமலே?"

"விடாமலே. ஆனா, அப்பா..."

அவளுடைய ஆனாவைக் கேட்க மாஸ்டர் அங்கே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அழுத்திப் பிடி, அடி விழாது. கல்யாணமான நாளிலிருந்து "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவர் செய்துவந்ததும் அதுதானே. அதற்கு விளையாட்டுக்காரர்கள் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் புதுச் செய்தி.

அன்று முழுக்க ஸ்கூல் காரில் ஒரே உற்சாகம். மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்றதும் மாஸ்டர் சொன்னார், "நியூட்ரலுக்கு வாங்க. அவசரப்படாதீங்க. எதிராளி முதல்ல அசையட்டும்."

"எதிராளி யாரு மாஸ்டர்?"

"பஸ்."

மருந்துக்கடைக்காரர் பஸ்ஸைப் பார்த்தார். மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சோபாவில் ஒரு மூலையில் மாஸ்டர், மறு மூலையில் மனைவி. நடுவில் மகள், நடுவராக. மாஸ்டர் மலை மாதிரி ஒரு தாடிக்காரனைத் தேர்ந்தெடுத்தார். மனைவி, குடை வைத்துக்கொண்டிருந்த ஒல்லிப் பெண்ணை எடுத்தாள். மூன்று சுற்றில் இரண்டு ஜெயித்தால் ஆட்டம்.

முதல் சுற்றில் மாஸ்டர் பின்பட்டனை அழுத்தியதுதான், விரல் வெளுக்கும்வரை விடவில்லை. குடை வந்தது. தடுத்தார். உதை வந்தது. தடுத்தார். மனைவி சலித்துப்போய் குடையைப் பெரிதாக ஒரு சுழற்று சுழற்ற, அதையும் தடுத்துவிட்டு ஒரே ஒரு குத்து விட்டார். பட்டது.

"பனிஷ்," என்றார் மாஸ்டர், உச்சரிப்புச் சுத்தமாக.

பிறகு மறுபடி கையை மூடிக்கொண்டார். நேரம் முடிந்தது. ஒரு குத்து முன்னிலையில் இருந்ததால் சுற்று அவருக்கு. கல்யாண வாழ்க்கையில் முதல் வெற்றி. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நடையே மாறியிருந்தது.

"நல்லாத்தான் ஆடுறீங்க," என்றாள் மனைவி.

"விளையாட்டுன்னா முதல்ல சொல் புரியணும். சொல் புரிஞ்சா பொருள் புரியும்."

"அப்படிங்களா?"

இரண்டாவது சுற்று. மாஸ்டர் மூடிக்கொண்டார். குடைக்காரி அடிக்கவில்லை. நிதானமாக நடந்து வந்தாள். மிகவும் பக்கத்தில் வந்தாள். தாடிக்காரனை மூடிய கையோடு சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டாள்.

மாஸ்டர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது? பிளாக் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அது த்ரோப்பா. பிளாக் பண்றவங்களைத் தூக்கித்தான் போடணும். த்ரோவை பிளாக்கால தடுக்க முடியாது. இதைத்தான் நேத்து 'ஆனா'ன்னு சொல்ல வந்தேன்."

அதற்குள் தாடிக்காரன் இன்னொரு தடவை பறந்தான். மனைவி டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடிச்சாத்தானே தடுப்பீங்க. எத்தனை வருஷமாப் பார்க்கிறேன் உங்க தடுப்பை," என்றாள்.

தூக்கிப் போட்டு, எழுப்பி, மறுபடி தூக்கிப் போட்டு, சுற்று அவளுக்குப் போனது. மாஸ்டருக்கு நெற்றி வியர்த்தது. விளையாட்டு என்பது போய், ஸ்டீயரிங்கே கைநழுவுவது போல இருந்தது. மகளைக் கெஞ்சும் குரலில் கேட்டார், "அதுக்கு மருந்து என்னம்மா?"

"அம்மா பிடிக்கிற அதே நேரத்துல நீங்களும் பிடிக்கிற பட்டனைத் தட்டுங்க. பிடி விட்டுடும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா..."

"ஆனாவெல்லாம் அப்புறம்," என்றார் மாஸ்டர்.

மூன்றாவது சுற்று. குடைக்காரி பிடிக்க வந்தாள். மாஸ்டர் தட்டினார். பிடி விட்டது. மறுபடி வந்தாள், மறுபடி விட்டது. மாஸ்டர் முகத்தில் ரத்தம் திரும்பியது. மூன்றாம் தடவை அவள் நெருங்கி வரும்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள், "பாருங்க, இப்ப பிடிக்கப் போறேன்."

மாஸ்டர் தட்டினார். குடைக்காரி பிடிக்கவில்லை. ஓரடி பின்னால் போய் நின்றாள். தாடிக்காரன் இரண்டு கையையும் விரித்து வெறும் காற்றைக் கட்டிப்பிடித்தான். அந்த அரை நொடியில், என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்பது மாஸ்டருக்கு அச்சுப் பிசகாமல் புரிந்தது.

"விஃப்," என்றார்.

அதற்கப்புறம் சோப்பு, சீப்பு, ஷாம்பு, வாளி, துடைப்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பில் போடுகிற விரல்கள். தாடிக்காரன் தரையைத் தொட அவகாசமே கிடைக்கவில்லை. கடைசியில் தொட்டபோது எழுந்திருக்கவில்லை.

"பிடிக்கப் போறேன்னு சொன்னியே," என்றார் மாஸ்டர்.

"சொன்னேன். பிடிச்சேன்னா சொன்னேன்?"

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் சாவியைக் கொடுத்தார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, தொழில் குரலில் ஆரம்பித்தார். "இடது காலுக்குக் கீழே இருக்கே, அதுக்குப் பேரு கிளட்ச். முதல்ல..."

மனைவி சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். பெல்ட் போட்டாள். கார் குலுங்காமல் கிளம்பி, தண்ணீர் லாரியை ஒதுங்கிக் கடந்து, முனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது. மாஸ்டரின் வலது கால் பழக்கத்தில் தரையை அழுத்தியது. ஸ்கூல் காரில்தான் அங்கே அவருக்கென்று ஒரு பிரேக் உண்டு. இதில் வெறும் மிதியடி.

"இது எங்க கத்துக்கிட்டே?" என்றார் மாஸ்டர்.

"உங்க எதிர் ஸ்கூல்ல. லைசென்ஸ் வந்து மூணு மாசமாச்சு. கார்தான் வரல."

"அவங்ககிட்டயா? அவங்க மாஸ்டருக்கு ஒழுங்கா கியர் போடவே தெரியாதே."

"கேட்டா சொல்லிக்கொடுக்கத் தெரியுது."

மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். ஜன்னல் வழியே காற்று வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கடைத்தெருவை அவர் வேடிக்கை பார்த்ததே இல்லை. பழக்கடையில் புதுப் பந்தல் போட்டிருந்தார்கள். மனைவி மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றியது கேட்கவே இல்லை. அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதை எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சூப்பர்மார்க்கெட் வாசலில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து காலியாக இருந்தது. மனைவி காரை நிறுத்தி அவரைப் பார்த்தாள். மாஸ்டருக்கு உயிர் வந்தது. ரிவர்ஸ் எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது.

"நான் எடுக்கட்டுமா?" என்றார்.

"வேணாம். நீங்க இறங்கிப் பின்னாடி போய் நில்லுங்க."

மாஸ்டர் இறங்கினார். பின்னால் போய் நின்றார். கையை ஆட்டினார்.

"வரலாம்," என்றார். "வரலாம், வரலாம்."